கையடித்துக் கொடுத்த பலா மரங்கள்

கண்ணு,

நான் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையா, நித்யா ஏதாவது சொல்லிவிட்டாளா, முட்டி வலியா என்று காரணங்களையும் நீயே கண்டுபிடித்து, எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல் கேட்டிருக்கிறாய். அவற்றில் எதுவும் இல்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. உன் பெண்டாட்டி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குச் சண்டை போடவே தெரியாது, கோபம் வந்தால் மூச்சை இழுத்து விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். முட்டி வலி உங்கப்பா உயிரோடு இருந்தபோதே வந்தது, அது பாட்டுக்கு இருக்கிறது. மலைமேல் சோளக்காடு ஊரில் பஸ் ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து சீட்டுக்காரி மேல் சாய்ந்துகொண்டே அடிவாரத்துக்கு வந்து, பூட்டிக் கிடந்த நம் வீட்டை நான் திறந்ததற்குக் காரணம் நீதான். போனில் சொன்னால் நடுநடுவே "அம்மா, ஒரு நிமிஷம்" என்பாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்ததற்கு இந்த வயதில் ஒரு பயன். இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. ஒளிவு மறைவு கூடாது என்பது உங்கள் கொள்கைதானே.

விஷயம் இதுதான். செல்லம்மாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். உனக்காகக் கொடுத்தேன். அதை நீ பொய்யாக்கினாய், அதுவும் என் கண் முன்னாலேயே. மற்றதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இது சிரிப்பாக இல்லை.

நடந்ததை நீ மறந்திருப்பாய். உனக்கு வேண்டாதது உனக்குச் சுலபமாக மறக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திண்ணனூர் நாட்டில் அந்தக் காட்டை வைத்திருந்தவர்கள் செல்லம்மாவும் அவள் வீட்டுக்காரன் வெள்ளையனும். மேட்டில் மிளகு, சரிவில் மரவள்ளி, ஓடையோரத்தில் மூன்று பலா மரங்கள். மிளகு பறிக்க ஏறின மூங்கில் ஏணியிலிருந்து வெள்ளையன் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டான். காட்டைப் பார்க்க ஆளில்லை, விற்றுவிடலாம் என்று இருந்தார்கள். உன் சிநேகிதர் தாடிக்காரர்தான் முதலில் போனார். "நிலம் எங்களுக்குச் சொந்தமாக வேண்டியதில்லை, நாங்கள்தான் நிலத்துக்குச் சொந்தமாக வேண்டும்" என்று அவர் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னதைக் கேட்டு, இவருக்கு வாங்குகிற உத்தேசமில்லை போலிருக்கிறது என்று செல்லம்மா எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டாளாம். அதன் பிறகுதான் உனக்கு அம்மா ஞாபகம் வந்தது. "நீ பேசுனா அவங்களுக்குப் புரியும்மா" என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாய்.

அவள் வாசலில் நீ பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாய். நான் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தேன். விலை பேசி முடிந்த பிறகு அவள் சொன்னாள்: "காட்டை எடுத்துக்கோங்கம்மா. அந்தப் பலா மட்டும் எங்களுக்கு வேணுமுங்க. மரமுன்னா மரமில்லீங்க, காய். எங்க மாமனார் வெச்சதுங்க. வருசா வருசம் வந்து வெட்டிக்கிட்டுப் போயிருவோமுங்க." உனக்கு முகம் மாறியது. "பத்திரத்துல அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க, வக்கீல் சிக்கல்ங்கறாரு. ஆனா எங்கம்மா தலை மேல சத்தியமா உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க" என்றாய். என் தலை உனக்கு எவ்வளவு சுலபமாகக் கைக்குக் கிடைத்தது பார். செல்லம்மா உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தம்பி சத்தியமெல்லாம் வேண்டாமுங்க. நீங்க சொல்லுங்கம்மா. நீங்க காடு வெச்சுப் பொழைக்கறவங்க" என்று என் முன்னால் கையை நீட்டினாள். நான் அவள் உள்ளங்கையில் கையடித்துக் கொடுத்தேன். "எம்பொறந்த ஊட்டு மேல சொல்றேன் செல்லம்மா. எம்பையன் காட்டுல உங்காய்க்குக் குறுக்க ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன். பிறகுதான் அவள் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாள். செல்லம்மா ஒன்றும் புண்ணியவதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈர மிளகைக் காய்ந்த மிளகோடு கலந்து எடை போடுவாள், வாய் திறந்தால் மூடமாட்டாள், அடுத்த வீட்டுக் கோழி அவள் காட்டில் முட்டையிட்டால் அந்த முட்டை அவளுடையது. அதற்கும் நான் கொடுத்த வாக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் நீங்கள் பன்னிரண்டு குடும்பமாகச் சேர்ந்து அந்தக் காட்டில் குடியேறினீர்கள். அந்த இடத்துக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயரை நான் எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். ஆளுக்கு ஒரு சின்ன மனை, அதில் ஒரு வீடு, ஒரு காய்கறித் தோட்டம். மீதி அத்தனையும் பொதுக்காடு. வேலி கூடாது, மதில் கூடாது, சிமெண்ட் கூடாது, போர்க்கிணறு போடக் கூடாது. யோசனையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மரத்தை வெட்டிக் கல் நட்டு, கலர் கொடி கட்டி மலையை விற்கிறவர்களைவிட நீங்கள் மேல்தான். இந்த ஒரு நல்ல வார்த்தையை இங்கேயே வாங்கி வைத்துக்கொள், கடிதத்தில் இன்னொன்று வராது.

மண் வீடு கட்டுவதற்கு மண்ணை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த ஆட்களை நான் அங்கேதான் பார்த்தேன். மலை முழுக்க இருப்பது என்னவென்று கேட்டேன். அது சரியான மண் இல்லையாம். சுவர் பூசி முடித்த அன்று தாடிக்காரர் அதைத் தடவிக்கொண்டே கண் கலங்கினார். நான் பிறந்த வீடும் மண் சுவர்தான்; ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கப்பாவும் அந்தச் சுவரைப் பார்த்துக் கண் கலங்குவார். மண்ணில் சுவடு பதிக்காமல் வாழ்வது என்று நீங்கள் ஓயாமல் பேசுகிறீர்கள். காட்டுக்குள் வண்டி வரக் கூடாது என்பதால் உங்கள் கார்கள் எல்லாம் ரோட்டோரத்தில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரன் மரவள்ளி லோடு ஏற்ற வண்டியைத் திருப்ப இடமில்லாமல் ஆரன் அடித்துக்கொண்டு கிடக்கிறான். சுவடு எங்கே போனது என்றால் அங்கே போனது. உங்கள் ஆட்களில் ஒருத்தி வெறுங்காலோடு ஓடைவரை நடந்து போய், பூமி தன்னோடு பேசுகிறது என்று சொன்னாள். அதே பெண் கீழே செல்லம்மா ஊர்க்காரர்கள் நடக்கிற தடத்தில் எதிரே ஆள் வந்தால் நின்று வழிவிட்டதில்லை. பூமி அவளிடம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பொது என்றால் என்னவென்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் நான் நாறியிருக்கிறேன். உங்கப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது காட்டைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் அதைப் பொதுவில் விட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. பெரியப்பா ஒவ்வொரு உழவிலும் வரப்பை ஒரு சால் இந்தப் பக்கம் தள்ளுவார், உங்கப்பா அடுத்த உழவில் ஒன்றரைச் சால் அந்தப் பக்கம் தள்ளுவார். பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்கானது. உன் காதுகுத்துக்கு அவர்கள் வரவில்லை, அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. நான் பெரியம்மாவைப் பற்றிச் சந்தையில் வைத்துப் பேசாத பேச்சு இல்லை. ஒரு கோடையில் நம் மோட்டார் புகைந்துபோய், வெங்காயம் வதங்கி நின்றது. சேலத்துக்குப் போன மோட்டார் திரும்பி வருவதாக இல்லை. அன்றைக்கு அவர்கள் முறை. பெரியம்மா வரப்பு மேட்டில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தென்னை மரத்தைப் பார்த்து, "எங்க மோட்டாரு ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. பயிரு காயறவங்க மடையைத் திருப்பி உட்டுக்கறதுக்கென்ன, கையி ஒடிஞ்சா போச்சு" என்று மரத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் மடையைத் திருப்பினேன். அடுத்த உழவில் பெரியப்பா மறுபடி வரப்பைத் தள்ளினார், உங்கப்பா மண்வெட்டியோடு போனார்.

நாங்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கேவலமாகத்தான் சண்டை போட்டோம். ஆனால் பொதுக் கிணறு என்றால் நமக்குப் பிடிக்காதவனுக்கும் அதில் தண்ணீர் உண்டு என்பதில் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நீங்கள் காலையில் எழுந்ததும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறீர்கள். ஒருவர் சமைத்ததை ஒருவர் புகழ்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் நடக்கிற காட்டுக்குப் பெயர் பொதுக்காடு இல்லை சாமி. அதற்குத் தோட்டம் என்று பெயர். வேலி போடவில்லையே என்பாய். வேலி இருந்தால் இது உன்னுடையது என்று தெரிந்து செல்லம்மா சுற்றிக்கொண்டு போயிருப்பாள். வேலி இல்லாததால்தான் அவள் உள்ளே வந்து அவமானப்பட்டாள்.

போன வருஷம் நீங்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தீர்கள், அவள் வந்து காய் வெட்டிக்கொண்டு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த ஆனியில் அவள் அரிவாளும் சாக்குமாக ஓடையோரம் வந்தபோது, அந்த வெறுங்கால் பெண் போனை எடுத்துப் படம் பிடித்து, வெளியாள் ஒருத்தி பொதுக்காட்டில் புகுந்து அறுக்கிறாள் என்று உங்கள் குரூப்பில் போட்டாள். செல்லம்மா படத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எதற்காகப் படம் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே கூட்டம் போட்டீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒரு மூங்கில் கோலைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டீர்கள். கோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். பொதுக்காட்டில் இனி யாரும் எதையும் பறிப்பதில்லை, பழமெல்லாம் குரங்குக்கும் மரநாய்க்கும் கரடிக்கும் என்று தாடிக்காரர் சொன்னார். எல்லோரும் சம்மதம் என்று, கைதட்டாமல் விரலை மட்டும் ஆட்டினீர்கள். கோல் உன் கைக்கு வந்தது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வான், என் மகன் சொல்வான், அந்தக் காய் அவளுடையது, எங்கம்மா கையடித்துக் கொடுத்திருக்கிறாள் என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அம்மா அப்ப ஏதோ பேச்சுவாக்குல சொல்லிட்டாங்க. வயசானவங்க, பழைய பழக்கம். அதை ஒரு கமிட்மெண்ட்டா நாம எடுத்துக்க வேண்டியதில்லை." எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். யாரோ என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளை சுவரில் கிறுக்கினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு கோல் எனக்கு வந்தது. வாங்கின கையோடு அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டேன். அதை என் சம்மதம் என்று எழுதிக்கொண்டீர்கள்.

செல்லம்மாவை இனி வர வேண்டாமென்று சொல்லியனுப்பினீர்கள். காய் பழுத்தது. விழுந்தது. அழுகியது. மரநாய் எவ்வளவுதான் தின்னும்? ஓடையோரம் ஈ மொய்த்து நாற்றமெடுத்தது, பழத்துக்கு வந்த குரங்குகள் உங்கள் கூரையைப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தன. கூரைக்கு வலை போடலாமா என்று அதற்கும் ஒரு கூட்டம். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் நித்யா, பெங்களூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், மலைப் பலாச்சுளை கொடுக்கலாம் என்று என்னைச் சோளக்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ரோட்டோரம் எவனோ வியாபாரியின் பழத்தைக் கூலிக்கு அறுத்து விற்றுக்கொண்டு செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். நித்யாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "இது இந்த மலைப் பழம்தானே, மருந்து அடிச்சதில்லையே?" என்று கேட்டாள். "இந்த மலைதானுங்க, நல்லா இனிக்குமுங்க" என்று செல்லம்மா சுளைகளை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக் வேண்டாம் என்று நித்யா பெருமையாகத் துணிப்பையை விரித்தாள். பையில் போட்டுவிட்டு செல்லம்மா என்னைப் பார்த்தாள். "ஏனுங்கம்மா, உங்க காட்டுல இந்த வருசம் காய்ப்பு இல்லீங்களா?" என்றாள். உங்கப்பாவோடு நாற்பது வருஷம் மேட்டிலும் பள்ளத்திலும் கிடந்திருக்கிறேன், ஒருத்தி முன்னால் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனைதான் என்று உங்கள் விதியை எழுதியவனே நீ. ஆனால் ஓடைப் பக்கத்து மனையை இன்னொருவருக்கு விட உனக்கு மனசு வரவில்லை. அதை என் பேரில் எழுதினாய். "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்றாய். அந்த மனையோடு பொதுக்காட்டில் பிரிக்காத பாகமும், கூட்டத்தில் ஓர் இடமும் எனக்கு வந்தது. போன வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய், மனை, பாகம் எல்லாவற்றையும் செல்லம்மா பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் விதிக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. மனையை விற்கக் கூடாது, நிலத்தை நேசிக்கும் ஒருவருக்குத் தானமாகத் தரலாம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைத்தான் நினைத்திருப்பீர்கள்.

செல்லம்மா என் காலில் விழுந்து அழுதாள் என்று நினைக்காதே. சந்தேகப்பட்டாள். "ஏனுங்கம்மா, இதுல வில்லங்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று பத்திரம் எழுதிய வெண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருக்குது. எம்பையனும் அவங்கூட்டாளிகளும்" என்றேன். "அவ்வளவுதானுங்களா, அப்பச் சரீங்க" என்று கையெழுத்துப் போட்டாள். வெளியே டீக்கடையில் உட்கார்ந்ததும், "அங்க பன்னி வளத்தலாமுங்களா?" என்று கேட்டாள். அவரவர் மனைக்குள் அவரவர் இஷ்டம் என்று விதி இருப்பதைச் சொன்னேன். பறிக்கக் கூடாது என்ற தீர்மானத்தைப் பற்றியும் சொன்னேன். ஒரே ஒருவர் வேண்டாமென்றாலும் எந்தத் தீர்மானமும் நிற்காது என்பதையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த கூட்டத்துக்கு வருவாள். வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். அந்தக் கோலை அவள் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம், அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

உன் மேல் பாசம் போய்விட்டதா என்று நீ கேட்பாய். போகவில்லை. மதிப்புத்தான் போய்விட்டது. இரண்டும் ஒன்று என்றே நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ குடிக்கவில்லை, சூதாடவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்து மரம் வளர்க்கிறாய், ஊரெல்லாம் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறது. ஒரு கிழட்டுப் பொம்பளையின் காய்க்காக இவ்வளவு பேச்சா என்று உனக்குத் தோன்றும். காய்க்காக இல்லை கண்ணு. உனக்குக் காடு வேண்டியிருந்தபோது என் வாக்குக்கு மதிப்பு இருந்தது, காடு கைக்கு வந்ததும் நான் வயசானவளாகிவிட்டேன். இனி யார் தலை மேலும் சத்தியம் செய்யாதே. உனக்கு அதற்குத் தகுதி இல்லை.

தாடிக்காரர் உனக்கு ஒரு வக்கீலைச் சொல்வார். தானப் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது, அம்மாவுக்கு வயசாகிவிட்டது, புத்தி நிதானத்தில் இல்லை, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று அந்த வக்கீல் சொல்வார். உனக்குக் கஷ்டமாக இருக்காது. கூட்டத்தில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் முன்னால் நீ வாயால் சொன்னதும் அதுதான். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு நடை கீழே இறங்கி வா. சோறு ஆக்கி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ.

அம்மா